விட்ட இடத்தின் அடையாளம்

(மன்னாரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்வாண்டுச் சொற்பொழிவை நிகழ்த்துமாறு என்னைப் பணித்த அன்பர்கள், கல்வியைப் பற்றிப் பேசவேண்டும் என்ற ஒரேயொரு நிபந்தனையை விதித்துவிட்டு, கல்வியில் எதைப் பேசுவது என்பதை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார்கள். கல்வியின் நோக்கம், கல்வியும் சமுதாயமும், கல்வியும் தாய்மொழியும் என்றெல்லாம் விசாலமான தலைப்புகள் மனத்தில் எழாமல் இல்லை. ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தீவிலும், பாலத்தைக் கடந்து தள்ளாடிக்கு அப்பாலுள்ள பெருநிலத்திலும் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில், அண்மைக் காலமாக என் சிந்தனையை ஓயாமல் ஆட்கொண்டிருக்கும் மிகச் சிறிய பொருளொன்றைப் பற்றியே உங்கள் முன் பேசத் துணிந்தேன். கணினியிலோ கைத்தொலைபேசியிலோ ஒரு பாடத்தைத் திறந்ததும் முதல் திரையில் தோன்றுகிறதே ஒரு பட்டியல், அதுதான் அந்தப் பொருள்.

மெனு என்று நம் பிள்ளைகள் வழங்கும் அந்தப் பட்டியல், பார்வைக்குப் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் போலவே இருக்கும். ஆனால் பொருளடக்கம் எல்லா வாசகருக்கும் ஒரே முகத்தைக் காட்டுவது. என் மேசையிலிருக்கும் புத்தகம், அதில் நான் எத்தனை அத்தியாயம் படித்தேன் என்பதை அறியாது. இந்தப் பட்டியலோ, தன்னைத் தொட்டவர் யார், எந்த அலகைத் திறந்தார், எதை முடித்தார், எதைப் பாதியில் விட்டுப் போனார் என்பவற்றையெல்லாம் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, அவர் மறுபடி வரும்போது அவருக்கென்றே மாறிய முகத்தோடு எதிர்கொள்கிறது. இந்த ஒரு குணத்தினாலேயே அது ஆசிரியனுடைய தொழிலின் ஒரு பங்கைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. வகுப்பறையில் நுழைந்ததும், ‘போன கிழமை எதில் நிறுத்தினோம்?’ என்று நாம் கேட்கும் கேள்வியை, ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே கேட்கிற பட்டியல் அது.

அதன் உள்ளே நடப்பது பெரிய அதிசயமொன்றும் அன்று. பாடத்தை ஆக்குகிறவர் ஒவ்வோர் அலகுக்கும் ஒரு மாறியை அமைக்கிறார். அதன் மதிப்பு ‘இல்லை’ என்று தொடங்குகிறது. பிள்ளை அந்த அலகைத் திறக்கும்போதோ, அதன் இறுதித் திரையை அடையும்போதோ, அங்குள்ள வினாவுக்குச் சரியான விடை அளிக்கும்போதோ, ஆக்கியவர் விதித்தபடி அது ‘ஆம்’ என்று மாறுகிறது. பட்டியலிலுள்ள பொத்தானின் நிறமும் குறியும் அந்த மதிப்பைப் பார்த்து மாறுகின்றன. எல்லா மாறிகளும் ‘ஆம்’ என்றான பிறகே இறுதித் தேர்வின் பொத்தான் திறக்கவேண்டும் என்று கட்டளையிடுவதும் அவ்வளவு எளிதே. ஸ்டோரிலைன், கேப்டிவேட் போன்ற மென்பொருள்களில், நிரல் எழுதத் தெரியாத ஆசிரியர் ஒருவரும் ஒரு பிற்பகலில் இதைக் கற்றுக்கொள்ளலாம்; நானே ஓய்வுபெறும் வயதை நெருங்கியபோதுதான் கற்றுக்கொண்டேன். ஆகவே, இதை எப்படிச் செய்வது என்று உங்களுக்குச் சொல்ல நான் வரவில்லை. அந்த ‘இல்லை’ எந்தக் கணத்தில் ‘ஆம்’ ஆகவேண்டும், அது யாருக்காக ‘ஆம்’ ஆகவேண்டும் என்ற இரண்டு கேள்விகளை உங்கள் முன் வைப்பதே என் எண்ணம்.

கற்போன் எதுவரை வந்திருக்கிறான் என்று குறித்து வைக்கும் வழக்கம் கணினியோடு பிறந்ததன்று. 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரிலிருந்த படைவீரர் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற அண்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்து மதகுரு, உள்ளூர்ப் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு இணைத்து வளர்த்து, 1797இல் இலண்டனில் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவிய வரலாற்றைக் கல்விப் பட்டம் படித்தவர்கள் அறிவார்கள். பலர் கவனியாமல் விடுகிற ஓர் அம்சம், அம்முறையில் பிள்ளைகளின் அன்றாடப் பாடங்களைப் பதிவேட்டில் குறித்து வைப்பதும் ஓர் அங்கமாக இருந்தது என்பது. மணலும் பதிவேடும் ஒரே வகுப்பறையில் அருகருகே இருந்தன. பிழையாக எழுதிய எழுத்து மணலோடு கலைந்துவிடும், அதற்குச் சாட்சியமில்லை. கற்று முடித்த பாடமோ ஏட்டில் நிலைபெறும். தவறு அழியவேண்டும், தேர்ச்சி நிலைக்கவேண்டும் என்ற இந்த ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன். இன்றைய பாடங்கள் பலவற்றில் இந்த ஒழுங்கு தலைகீழாகிக் கிடக்கிறது: பிள்ளை எத்தனை தடவை தவறினான் என்பதெல்லாம் ஒன்று விடாமல் சேமிக்கப்படுகிறது, எங்கே விட்டான் என்பதோ மின்சாரம் நின்றதும் மறைந்துவிடுகிறது.

மின்சாரத்தைப் பற்றிய பேச்சு வந்ததனால் என் அனுபவத்துக்கு வருகிறேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாத நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இந்த மாவட்டத்தின் ஆசிரியர்கள் பலரும் செய்ததையே நானும் செய்தேன். செயலட்டைகளைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். தகப்பன் கடலுக்குப் போகும்போது கைத்தொலைபேசியும் அவரோடு போய்விடுகிற வீடுகளில், பிள்ளை பாடத்தைப் பார்ப்பது மறுநாள் மத்தியானத்துக்குப் பிறகுதான். ஸூம் வகுப்பு வைத்தால் டேட்டா அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும். மூன்று பிள்ளைகளுள்ள வீட்டில் ஒரே தொலைபேசி எந்தப் பிள்ளையின் வகுப்புக்கு என்ற வழக்கு வேறு. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் இருந்தன; பண்டைய தக்ஷசீலத்தின் பெயரைத் தாங்கிய அந்தத் தளத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன், அதிலிருந்து பெற்ற பிரயோசனம் மிகுதி. ஆனால் விட்டு விட்டு வந்து கற்கும் எங்கள் பிள்ளைகளுக்கு, அவர்கள் விட்ட இடத்தைப் பிடித்துத் தரக்கூடிய சிறு பாடமொன்று வேண்டும் என்ற எண்ணத்தில், நாங்கள் நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து பத்தாந் தரக் கணிதத்தில் சதவீதம் என்ற பகுதியை எட்டு அலகுகளாக ஆக்கினோம். மீன் ஏலத்தில் தரகு, படகுக் கடனின் வட்டி, வலை விலையில் கழிவு என்று உதாரணங்களையெல்லாம் கரையிலிருந்தே எடுத்தோம். முதல் திரையில் எட்டுப் பொத்தான்கள்; ஒவ்வொன்றின் அருகிலும் சரி அடையாளம் விழ ஓர் இடம்.

அந்தப் பட்டியலில் நாங்கள் செய்த பிழையை மறைக்காமல் சொல்கிறேன். அலகைத் திறந்து அதன் கடைசித் திரைக்குப் போய்விட்டாலே அடையாளம் விழும்படி அமைத்திருந்தோம். பாடம் வெளியான மூன்றாம் நாள், தீவின் வடகரைச் சிற்றூரொன்றிலிருந்து ஒரு மாணவி என்னை அழைத்து, “சேர், எட்டுக்கும் சரி விழுந்திட்டுது, இனி என்ன செய்ய?” என்று கேட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். நானும் மகிழ்ந்து, அறுநூறு ரூபாய் மீனுக்கு ஐந்து சதவீதத் தரகு எவ்வளவு என்று கேட்டேன். நீண்ட மௌனத்துக்குப் பிறகு, “அது எந்த அலகில சேர் இருக்கு?” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. அடுத்து, அடுத்து என்ற பொத்தானை அழுத்துவதே படிப்பு என்று நாங்கள்தாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அவளுடைய பட்டியலைப் பார்த்து நாங்களும் அப்படியே நம்பினோம். அந்த வாரத்திலேயே, இந்த அடையாளங்களைக் கூட்டிக் கணக்கிட்டு, இத்தனை பிள்ளைகள் பாடத்தைப் பூர்த்தி செய்தார்கள் என்ற அறிக்கையொன்று மேலிடத்துக்குப் போய், அங்கே பாராட்டும் பெற்றது. அந்தப் பாராட்டுக் கடிதத்தை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

கண்டது வேறு, கற்றது வேறு என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியாததன்று. இயந்திரத்துக்கு இந்த வேற்றுமையைச் சொல்லிக் கொடுக்க முயன்றவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியால் 1997இல் தோன்றிய அமைப்பொன்று, ஒரு நிறுவனம் ஆக்கிய பாடம் இன்னொரு நிறுவனத்தின் தளத்திலும் இயங்கி அங்கே முன்னேற்றத்தைப் பதியவேண்டும் என்பதற்காக வகுத்த ஸ்கோர்ம் என்னும் விதித்தொகுப்பின் 1.2 பதிப்பு, 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. இருபது ஆண்டுகள் கடந்தும் உலகெங்கும் புழங்கும் அந்தப் பதிப்பில், ஒரு பாடத்தைப் பற்றிக் கூறத்தக்க நிலைகள் ஆறேதாம்: தொடவில்லை, மேலோட்டமாகப் பார்த்தார், முடியவில்லை, முடிந்தது, தேறினார், தேறவில்லை. இந்த ஆறு சொற்களையும் முதன்முதல் ஒருங்கே பார்த்தபோது, ஆக்கியவர்கள் நெடுநேரம் யோசித்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். ‘பார்த்தார்’ என்பதற்கும் ‘முடிந்தது’ என்பதற்கும் ‘தேறினார்’ என்பதற்கும் இடையே அவர்கள் வேலி போட்டுத் தந்திருக்கிறார்கள். எங்கள் முதற் பட்டியல் அந்த வேலிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே சரி அடையாளத்தை இட்டது.

அந்த விதித்தொகுப்பில் வேறிரண்டு சிறிய இடங்களும் உண்டு. எனக்கு அவற்றின்மேல் தனியான பற்று. ஒன்றில், பிள்ளை கடைசியாக நின்ற திரை எது என்பது எழுதப்படும். மற்றொன்றில், பாடம் தான் மறக்கக்கூடாதவற்றை, பிள்ளை இடையில் வெளியேறும்போது, சுருக்கி எழுதி வைத்துக்கொள்ளலாம், 1.2 பதிப்பில் அதற்கு விதித்த எல்லை 4096 எழுத்துகள். பாடசாலை அப்பியாசக் கொப்பியில் ஒரு சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும் இடம். ‘விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?’ என்று மறுநாள் பாடம் கேட்கிறதே, அந்தக் கேள்வி பிறப்பது இந்தச் சிறு இடத்திலிருந்துதான். பெரிய நகரங்களில் மணிக்கணக்காகக் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு இது ஒரு சௌகரியம் மாத்திரமே. நம் கரையில் இதுவே பாடத்தின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். மன்னாரின் கல்வி வரலாறு, விட்டுப் போனவர்களும் திரும்பி வந்தவர்களும் எழுதிய வரலாறு. தலைமன்னாருக்கு ஓடிய புகையிரதம் 1990இல் நின்றது; மறுபடி அது தலைமன்னாரை அடைந்தது 2015 மார்ச் மாதத்தில். அந்தக் கால் நூற்றாண்டில் இந்தப் பாதையோரத்துப் பாடசாலைகள் எத்தனை தடவை மூடித் திறந்தன என்பதைச் சபையிலுள்ள அதிபர்கள் என்னைக் காட்டிலும் அறிவார்கள். அதே 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் தங்கள் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, இத்தீவின் குடும்பங்கள் படகேறிக் கற்பிட்டிக் கரைக்குப் போயின. கையில் எடுத்துச் செல்ல விடப்பட்டது மிகச் சொற்பம். பின்னர் போரின் இறுதி ஆண்டுகளில் முசலியிலிருந்தும் மாந்தையிலிருந்தும் பெயர்ந்தவர்கள் அடைந்த அலைச்சலும் நாம் கண்ணாரக் கண்டதே. இவர்களுள் பள்ளிப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இழந்தவற்றுள், யாரும் கணக்கெடுக்காத ஒரு பொருளும் உண்டு: தாம் எதுவரை படித்திருந்தோம் என்பதற்கான அத்தாட்சி. தேர்ச்சி அறிக்கை வீட்டோடு போயிற்று; வரவு இடாப்பு பாடசாலையோடு போயிற்று. புத்தளம் பக்கத்துப் பாடசாலையொன்றில் புதிய வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை, தனக்கு முன்பே தெரிந்த பாடத்தை மறுபடி முதலிலிருந்து கேட்டது. அல்லது தனக்குத் தெரியாத பாடத்தின் நடுவில் போய் விழுந்தது. என்னிடம் பின்னர் கற்ற ஒருவர், இன்று தாமே ஆசிரியராக இருப்பவர், “பின்னம் எனக்கு இரண்டு தடவை படிப்பித்தார்கள், தசமத்தை ஒருவருமே படிப்பிக்கவில்லை” என்று சொன்னதை நான் மறக்கவில்லை.

இத்தகைய பெருந்துயரங்களோடு ஒப்பிடத்தக்கதன்று எனினும், பருவந்தோறும் நிகழும் ஓர் இடப்பெயர்வும் நம்மிடையே உண்டு. சோளகக் காற்று எழும்போது ஒரு கரையிலும், வாடைக் காற்று திரும்பும்போது மறுகரையிலும் வாடி அடித்துத் தொழில் செய்கிற குடும்பங்களின் பிள்ளைகள், தவணையின் நடுவில் பாடசாலை மாறுகிறார்கள். அல்லது அந்த மாதங்களில் பாடசாலைக்கே போகாதிருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிகழ்ந்ததும், எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டதும் இவற்றின்மேல் வந்து சேர்ந்தவை. இங்கே படிப்பு தொடர்ச்சியாக நிகழும் என்று எண்ணிப் பாடம் ஆக்குகிறவர் இந்த ஊரை அறியாதவர். முறிவை இயல்பென்று கொண்டு, முறிந்த இடத்தைப் பத்திரமாகக் காத்துத் தருகிற பாடமே இங்கே பாடம்.

இந்த விஷயத்தில் மூடில் என்னும் கற்றல் தளத்தை நான் நன்றியோடு குறிப்பிடவேண்டும். அதை ஆக்கி 2002இல் முதற் பதிப்பாக வெளியிட்ட மார்ட்டின் டூகியாமஸ், மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியொன்றில் வளர்ந்து, சிற்றலை வானொலி மூலம் நடந்த பள்ளியில் பாடம் கேட்டவர். பள்ளி தொலைவிலிருப்பது எப்படிப்பட்டது என்பதை உடம்பால் அறிந்தவர் ஆக்கிய பொருள் என்பதனால்தானோ என்னவோ, அலகை முடித்ததாகப் பிள்ளை தானே அடையாளமிடலாம் என்றும், அல்லது குறித்த நிபந்தனை நிறைவேறினால் அடையாளம் தானாக விழலாம் என்றும் இரு வழிகளையும் அது ஆசிரியரிடம் விட்டிருக்கிறது. அதன் கைத்தொலைபேசிச் செயலியில், இணைப்பு இருக்கும்போது பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, இணைப்பு இல்லாத இடத்தில் கற்று, பின்னர் இணைப்புக் கிடைத்ததும் முன்னேற்றத்தைத் தளத்தில் சேர்த்துவிடலாம். நகரத்துச் சந்தைக்கு வரும் தாய் தன் தொலைபேசியில் வாரத்தின் பாடத்தை ஏற்றிக்கொண்டு போக, பிள்ளை ஐந்து நாட்கள் அதைக் கற்று, அடுத்த சந்தை நாளில் அது ஆசிரியரை வந்தடைவதை நான் நடைமுறையில் கண்டிருக்கிறேன். அந்தத் தாய்க்கு அப்பாடத்தின் ஓர் எழுத்தும் விளங்காது; ஆயினும் பிள்ளையின் கணக்கைச் சுமந்து வருபவர் அவரே.

அன்பர்களே, இனி உங்களைச் சிறிது நேரம் கடலுக்கு அழைத்துச் செல்ல அனுமதி வேண்டுகிறேன். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்கு எதிரேயுள்ள முத்துப் பார்களைப் பற்றி, அதாவது சிப்பிப் படுகைகளைப் பற்றி, நீங்கள் அறியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன என்பதும், அதன் பின்னர் அந்தச் செல்வம் குன்றிப்போனது என்பதும் நம் ஊர்க்கதைகள். எனக்கு வேண்டியது சலாபம் நடந்த ஆண்டுகளல்ல, நடக்காத ஆண்டுகள். பார்களின் மேற்பார்வையாளர்கள் சுழியோடிகளை இறக்கி, எந்தப் பாரில் குஞ்சுச் சிப்பி விழுந்திருக்கிறது, எதில் எத்தனை வயதுச் சிப்பி இருக்கிறது என்று பார்த்துக் குறித்து வைத்தார்கள். சிப்பி முத்துக்குத் தகுதிபெற நான்கு, ஐந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை குறிப்பதும் காத்திருப்பதுமே வேலை.

1902இல் லிவர்பூல் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் அரசின் அழைப்பின் பேரில் இங்கு வந்து பார்களை ஆராய்ந்தபோது, பெரியபார் என்னும் பாரின் விசித்திரமான சரித்திரம் அவர் கவனத்தைக் கவர்ந்தது. 1880க்கும் 1902க்கும் இடையில் குறைந்தது 11 தடவை அந்தப் பாரில் இளஞ்சிப்பிகள் ஏராளமாக விழுந்து நிறைந்தன. ஒரு தடவைகூட அவை முத்துக்குளிப்புக்கு வரும் வயதை அடையவில்லை. ஆழ்கடலின் ஓரத்தில், தென்மேல் பருவக்காற்றின் கொந்தளிப்புக்கு நேரே கிடந்த பார் அது; ஒவ்வொரு பருவத்திலும் இளஞ்சிப்பிகள் அள்ளுண்டோ மணலுள் புதைந்தோ மறைந்தன. குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தவருக்குப் பெரியபார் மிகச் செழிப்பானது. தொடர்ந்து பல ஆண்டுப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தவருக்கே அது தொடங்கும் பார், முடிக்கும் பாரன்று என்பது விளங்கியது. இதை அறிந்தபின் ஹேர்ட்மன் கூறிய யோசனை, பெரியபாரிலுள்ள இளஞ்சிப்பிகளைப் பருவக்காற்றுக்கு முன்னே எடுத்து, பாதுகாப்பான உட்பார்களில் கொண்டுபோய் இடவேண்டும் என்பது.

நமது பாடங்களிலும் பெரியபார்கள் உண்டு. எங்கள் எட்டு அலகுகளில் நான்காவது அப்படிப்பட்டது. கூட்டு வட்டி தொடங்கும் அலகு அது. எல்லாப் பிள்ளைகளும் அதைத் திறந்தார்கள். திறந்தவர்களிற் பெரும்பாலோர் ஐந்தாவதுக்கு வரவில்லை. பட்டியலின் குறிகளை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே பார்த்தபோது, இந்தப் பிள்ளைக்குச் சிரத்தை போதாது, அந்தப் பிள்ளைக்கு வீட்டில் வசதி போதாது என்று வெவ்வேறு காரணம் கற்பித்துக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்த அன்றுதான், புதைகிற இடம் ஒன்றே என்பதும், அந்த மணலை அங்கே கொட்டியவர்கள் நாங்களே என்பதும் தெரிந்தன. மூன்றாம் அலகுக்கும் நான்காம் அலகுக்கும் இடையில், ஓர் ஆண்டின் வட்டியை முதலோடு சேர்த்து அடுத்த ஆண்டுக்குப் புதிய முதலாகக் கொள்ளும் ஒரு படியை, எங்களுக்கு அது வெளிப்படையாக இருந்ததனால், சொல்லாமல் தாண்டியிருந்தோம். படகுக் கடனையே உதாரணமாக வைத்து, மூன்று திரைகளில் அந்தப் படியைக் கட்டினோம், பிள்ளைகள் நகர்ந்தார்கள். முன்னேற்றத்தைக் குறிப்பதன் முதற்பயன் பிள்ளையை அளப்பது என்று எண்ணியிருந்த எனக்கு, அது பாடத்தை அளக்கும் கோல் என்ற தெளிவு இவ்வளவு காலம் கடந்தே வந்தது.

பட்டியலைப் பூட்டி வைக்கலாமா, திறந்து விடலாமா என்ற வாதத்தைப் பற்றியும் என் அபிப்பிராயத்தைக் கூறிவிடவேண்டும். முதல் அலகு முடியாமல் இரண்டாவது திறக்காது என்று பூட்டுவது மென்பொருளில் ஒரே சொடுக்கில் ஆகும் காரியம். மேற்பார்வை செய்வோர் அதை விரும்பவும் செய்கிறார்கள். கணிதத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும் படிகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மீன் ஏலம் கூறுமிடத்தில் தகப்பனோடு நின்று, எடையும் விலையும் தரகும் மனக்கணக்காகவே சொல்லப் பழகிய பையனை, முதல் அலகில் நூற்றில் ஒன்று என்றால் என்ன என்ற பத்துத் திரைகளைத் தாண்டினாலன்றி மேலே விடமாட்டேன் என்று நிறுத்துவது, அவனுடைய அறிவை அவமதிப்பதாகும். அவனிடம் இரண்டு வினாக்களைக் கேட்டு, விடை சரியானால் அந்த அலகைத் தேறியதாகவே குறித்து, மேலே போகவிடுவதே மரியாதை. நாங்கள் கடைசித் தேர்வை மட்டும் பூட்டினோம்; மற்றவை எல்லாம் திறந்தே கிடந்தன; ஒவ்வோர் அலகின் வாசலிலும் அந்த இரண்டு வினாக்களை வைத்தோம். முன்பு இடப்பெயர்வில் பின்னத்தை இரண்டு தடவை படித்த பிள்ளைக்கு இப்படியொரு வாசல் இருந்திருக்குமானால், எத்தனை மாதங்கள் மிச்சப்பட்டிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001ஆம் ஆண்டு பெப்ரவரியில் தொடங்கப்பெற்று, கடல் கடந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையவழியே பாடம் அளிக்க முன்வந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆகிறது; எனினும், கற்றல் தளங்களின் குறிகளையும் அறிவித்தல்களையும் தமிழாக்கும்போது நாம் இன்னும் போதிய கவனம் எடுப்பதில்லை. ‘தோல்வி’ என்ற சொல்லைச் சிவப்பு எழுத்தில் ஒரு பிள்ளைக்குக் காட்டுவது தேவையா? தேறவில்லை என்பதைக்கூட நாங்கள் விலக்கி, ‘இன்னும் பழகவேண்டும்’ என்று எழுதினோம். ‘முழுமையற்றது’ என்பதற்குப் பதிலாக, ‘இங்கே நிற்கிறீர்கள்’ என்று எழுதினோம். அந்த மாற்றத்துக்குப் பின் பாதியில் விட்ட அலகுக்குத் திரும்பி வரும் பிள்ளைகளை அதிகமாகக் கண்டோம் என்றே எனக்குத் தோன்றியது. அளந்து நிறுவியதன்று, ஓர் ஆசிரியனுடைய கண்ணுக்குப் பட்டது.

இந்தக் குறிகளையெல்லாம் யார் பார்க்கவேண்டும் என்ற கேள்வி எஞ்சுகிறது. பிள்ளை முதலில் பார்க்கவேண்டும். ஆசிரியர் அடுத்துப் பார்க்கவேண்டும். பெற்றோர் விரும்பினால் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கவேண்டும். அதற்கு மேலுள்ளவர்களுக்குப் பெயரில்லாத தொகை போதும். எந்தப் பிள்ளை எந்த வினாவில் எத்தனை தடவை தவறினாள் என்ற விவரம் பெயரோடு மேசைக்கு மேசை பயணம் செய்யுமானால், பிள்ளைகள் தவறு செய்யப் பயப்படுவார்கள். பயப்படுகிற பிள்ளை தெரியாததைத் தெரியாது என்று சொல்லாது. எங்கள் திருத்திய பாடத்தில் ஒவ்வொரு திரையின் மூலையிலும் ‘எனக்கு விளங்கவில்லை’ என்ற ஒரு பொத்தானை வைத்திருக்கிறோம். அதை அழுத்தினால் மதிப்பெண் குறையாது. பட்டியலில் அந்த அலகின் அருகே ஒரு சிறு புள்ளி தோன்றும். அது பிள்ளைக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். முதலில் யாரும் அதைத் தொடவில்லை. தொட்டவர்களை நான் அழைத்துப் பேசுகிறேன் என்ற செய்தி பரவியபின், அதுவே எல்லாப் பொத்தான்களிலும் எனக்கு அதிகமாகப் பயன்பட்ட பொத்தானாயிற்று.

சரி அடையாளத்தையும் நீக்கிவிட்டோம். அதற்கு மாற்றாக எதை வைப்பது என்று யோசித்தபோது, எங்களுள் இளையவரான ஆசிரியை சந்திரனைச் சொன்னார். பிறை பார்த்து நோன்பைத் தொடங்கும் வீடுகளும், பூரணைக்குக் கோயிலுக்குப் போகும் வீடுகளும், முழுநிலவை வைத்துக் கணிக்கப்படும் உயிர்த்த ஞாயிறுக்குக் காத்திருக்கும் வீடுகளும் அடுத்தடுத்து இருக்கிற இந்த ஊரில், அந்தக் குறியை யாருக்கும் விளக்கவேண்டி இருக்கவில்லை. தொடாத அலகுக்கு வெறும் வட்டம்; தொடங்கியதற்கு மெல்லிய பிறை; பிள்ளை பயிற்சிகளைத் தானே செய்யச் செய்ய அது வளரும்; வழிகாட்டல் இல்லாமல் ஐந்து வினாக்களுக்கு விடை கண்டால் முழுநிலவு. கற்றது நாளடைவில் மறக்கும் என்பதை ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885ஆம் ஆண்டிலேயே தம்மையே சோதனைப் பொருளாக்கி அளந்து காட்டியிருக்கிறார் அல்லவா; ஆகவே மூன்று வாரங்கள் கழித்து அதே அலகிலிருந்து இரண்டு மீள்வினாக்கள் வரும்; அவற்றில் தவறினால் நிலவு சற்றே தேயும்; மறுபடி பழகினால் வளரும். தேய்வது அவமானம் என்று எந்தப் பிள்ளையும் நினைக்கவில்லை. தொலைபேசியை உயர்த்திப் பிடித்து, “சேர், என்ர நாலாவது தேயுது, இண்டைக்கு இரவு பார்த்திடுறன்” என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

முதலில் நான் சொன்ன அந்த வடகரைச் சிற்றூர் மாணவி, புதிய பட்டியலில் பழகியபின் ஒருநாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். தகப்பன் அந்தச் சோளகத்துக்குக் குடும்பத்தோடு வேறு கரைக்குப் போக இருந்தார். இரண்டு மாதம் தொலைபேசியைத் தொட முடியாமற்கூடப் போகலாம். “அப்படியே விட்டால், சேர், எல்லாம் அமாவாசை ஆகிடுமா?” என்றாள். இல்லை, ஒருமுறை தொடங்கியது பிறைக்குக் கீழே போகாது, அப்படித்தான் அமைத்திருக்கிறோம் என்றேன். திரையிலிருந்த ஆறு முழுநிலவுகளையும் இரண்டு பிறைகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, தொலைபேசியைத் தாயின் கையில் கொடுத்தாள்.